நாற்பத்தெட்டாவது புள்ளி

ஜூன் 3, செவ்வாய்

ரெஜினா மேடம் இந்த நோட்டைக் கையில் கொடுத்து, "பவுனம்மா, தெனம் என்ன வேல செஞ்சீங்கன்னு ரெண்டு வரி எழுதி வைங்க. நாளைக்கு ஆபீசுல கேட்டா நம்மகிட்ட ஒரு ஆதாரம் இருக்கணும்" என்றார். அவர் வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். எங்கள் வாய்க்கால் கரைத் தெருவைப் போல இன்னும் பத்துத் தெரு அவர் தலையில் இருக்கிறது.

இரண்டு வரி எனக்குப் போதாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் அந்த ஐந்து வகுப்பிலும் நான்தான் முதல். இன்றைக்கும் மகளிர் குழுத் தலைவி நான்தான்; தீர்மானத்தை எழுத வேறு யாரையும் விடுவதில்லை.

விஷயம் இதுதான். வாய்க்காலை அகலப்படுத்தப் போகிறார்கள். தெரு போய்விடும். அதற்குப் பதிலாகத் திருச்சிக்குள்ளேயே அடுக்குமாடியில் வீடு தருகிறார்கள். யாருக்குத் தருவது என்று பார்க்க அரசு அலுவலகத்தில் ஒரு வரைபடம் வைத்திருக்கிறார்கள். அதில் எங்கள் தெரு இருக்கும் இடத்தில் புல் முளைத்திருக்கிறது. அதனால் நாங்களே போனில் வீட்டுக்கு ஒரு புள்ளி வைத்துப் படம் போட்டு, வீட்டுக்காரர்கள் கையெழுத்தோடு இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். புள்ளி உள்ள வீட்டுக்கு வீடு. புள்ளி இல்லாவிட்டால் இல்லை.

ஒவ்வொரு புள்ளிக்கும் பெயர், ஆள் எத்தனை, பெற்ற பிள்ளைகள் எத்தனை, எந்த வருடத்திலிருந்து குடியிருக்கிறார்கள் என்று போட வேண்டும். பத்து வருடம் ஆகாத வீடு என்றால், இந்தத் தெருவில் எந்த வீட்டிலிருந்து பிரிந்து வந்தார்கள், என்ன உறவு என்று எழுத வேண்டும். வெளியாட்கள் புதிதாக ஓலையைக் கட்டிக்கொண்டு வீடு கேட்பார்கள் என்று அலுவலகத்துக்குப் பயமாம்.

"யார் செய்றீங்க?" என்று மேடம் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் பார்க்கட்டும் என்றுதான் இருந்தேன்.

பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு மட்டும், "ஏக்கா, போன்ல போட்டோவப் பெருசாக்கவே என்னையத்தான கூப்புடுவ" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு நாளைக்கு இட்லிக்குச் சட்னி கிடையாது.

ஜூன் 4, புதன்

காலை வியாபாரம் முடித்து, இட்லிக் கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். மேடம் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆகாயத்திலிருந்து எடுத்த படம். எங்கள் தெரு ஒரு பழைய நாடாவைப் போல வாய்க்காலை ஒட்டிக் கிடக்கிறது. மேல் முனையில் மாரியம்மன் கோயில். கீழ் முனையில் மடை. கோயிலிலிருந்து முதல் வீடு என்னுடையது. தகரக் கூரையும் முருங்கை மரமும் தெரிகின்றன. நாற்பது வருடம் இருந்த வீட்டின் தலையை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

முதல் புள்ளி என் வீட்டுக்கு. வைத்துவிட்டுப் பார்த்தால் வாய்க்காலுக்கு நடுவில் நிற்கிறது.

சின்னப்பொண்ணு எட்டிப் பார்த்தாள். "பரவால்லக்கா, தண்ணிப் பஞ்சம் இருக்காது."

புள்ளியை விரலால் அழுத்திப் பிடித்து இழுக்க வேண்டும் என்று தெரிய அரை மணி நேரம் ஆனது. அதற்குள் கோயிலுக்குள் போனது, சாலையைத் தாண்டிப் பெட்ரோல் பங்குக்குப் போனது. ஒரு வழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எழுதினேன்: எண் 1. பவுனம்மாள். ஆள் 1. பிள்ளைகள் 1. வருடம் 1985.

மகன் சிவநேசன் திருப்பூரில் இருக்கிறான். எனக்கு இரண்டு பேரன்கள், கவின், கிருத்திக். பெரியவன் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இங்கிலீஷில் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறான். அதற்கு வரைபடத்தில் இடம் இல்லை. இருந்தால் போட்டிருப்பேன்.

"பிள்ளைகள் 1" என்று தட்டும்போது சின்னப்பொண்ணுக்கு இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

பதினோரு வீடு. மழை. சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

முப்பத்தொன்று ஆகிவிட்டது. இருபத்திரண்டாம் வீட்டுப் பஞ்சவர்ணத்தின் மகன் கல்யாணமாகி எதிரிலேயே தனியாகக் குடிசை போட்டிருக்கிறான். "பிரிந்து வந்த வீடு 22, உறவு மகன்" என்று போட்டேன். பஞ்சவர்ணம், "மருமக பேரப் போடாத, போன்ல கோளாறு வந்துரும்" என்றாள். மருமகள் உள்ளேயிருந்து, "ஒங்க பேரப் போட்டும் வேல செய்யுதுல்ல அத்த" என்றாள். இவர்களை வைத்துக்கொண்டு நான் எப்படி வேலை செய்வது.

மேடம் போனில் கூப்பிட்டு, புள்ளிகளை லேயர் லேயராகப் பிரித்து வைக்கச் சொன்னார். இடது வரிசை ஒரு லேயர், வலது வரிசை ஒரு லேயர். லேயர் என்றால் என்ன என்று மூன்று தடவை கேட்டேன். மேடத்துக்கே களைத்துவிட்டது. கடைசியில் நானே கண்டுபிடித்தேன். இட்லித் தட்டு. கொப்பரைக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றாகத் தெரியும். தனித்தனியாகவும் எடுக்கலாம். ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் ஒரு கண் வரைந்திருக்கிறது. அதைத் தொட்டால் அந்தத் தட்டு மறைந்துவிடும். மறுபடி தொட்டால் வரும்.

இதைச் சொன்னதும் மேடம், "மத்த தெருவுக்கும் இனிமே இட்லித் தட்டுன்னே சொல்லிர்றேன் பவுனம்மா" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

முடித்துவிட்டேன். நாற்பத்தேழு வீடு.

கோயில் வாசலில் வைத்துச் சொன்னதும் கை தட்டினார்கள். சின்னப்பொண்ணு மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள். "நாப்பத்தெட்டுல்ல வரணும்?"

அவள் மூன்றாம் வகுப்பு.

மடைக்குப் பக்கத்தில் சிக்னல் கிடைப்பதில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 11, புதன்

ரெஜினா மேடம் காலையிலேயே கூப்பிட்டார். தெருவில் மின் இணைப்பு நாற்பத்தெட்டு இருக்கிறதாம். "ஒண்ணு கொறையுதே, எது விட்டுப்போச்சு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வரைபடம் ஒன்றை விழுங்கியிருக்க வேண்டும். பார்க்கிறேன் என்றேன்.

மடையை ஒட்டி ஒரு வீடு இருக்கிறது. மூன்று வருடம் முன்பு வந்தது. நீலத் தார்ப்பாய் போட்ட கூரை. மத்தியானம் அதற்கு ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி விழுந்தது. பெயர் கேட்டது. தட்டினேன், எழுத்து வரவில்லை. எனக்கு எல்லா எழுத்தும் தெரியும். போன்தான் பழசு. மகன் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தது. பெயர் இல்லாத அந்தப் புள்ளி எப்படியோ தனியாக ஒரு புதுத் தட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. கட்டைவிரல் பட்டு அந்தத் தட்டின் கண்ணும் மூடிவிட்டது. மறுபடி பட்டுத் திறந்தது. மறுபடி பட்டு மூடியது. வயதான விரல்.

மேடத்திடம் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டேன். "பூட்டுன வீடா? யாராவது வந்தா சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தேன். நாளைக்கு உளுந்து வாங்க வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

இன்று எக்ஸ்போர்ட். மேடம் அந்த வார்த்தையைச் சொன்னதும் நான் பயந்துவிட்டேன். சிவநேசன் திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில்தான் இருக்கிறான். அங்கே பனியன் அட்டைப்பெட்டிக்குள் போய்க் கப்பல் ஏறும். எங்கள் தெருவை எந்தக் கப்பலில் ஏற்றுவது?

"ஐயோ பவுனம்மா, நீங்க சேவ் பண்றது அவங்க எடத்துல இருக்கும். எக்ஸ்போர்ட் பண்ணாத்தான் நம்ம கைக்கு வரும். கைக்கு வந்தாத்தான் பிரிண்ட் எடுக்கலாம்."

சேவ் செய்தது கொப்பரையில் இருக்கிற இட்லி. எக்ஸ்போர்ட் செய்தது பார்சல். பார்சல் கட்டிய பிறகு கொப்பரையில் எதை வைத்தாலும் அது பார்சலுக்குள் போகாது. புது பார்சல்தான் கட்ட வேண்டும். இப்படிச் சொன்னால் எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கே அமுக்குவது என்று புரியவில்லை. மூன்று கோடு போட்ட இடம் என்றார் மேடம். என் போனில் மூன்று புள்ளி இருக்கிறது. அதை அமுக்கினால் படம் எல்லாம் கறுப்பாக மாறுகிறது. பிறகு வேறு ஏதோ மொழி. அரபி மாதிரி இருந்தது.

பெரோஸ் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். பெரோஸுக்கு ஐம்பது வயது இருக்கும். எங்கள் தெருவின் ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் அவன் கடையில்தான் பிரதி எடுத்தது. எடுத்துக் கொடுத்த முதல் தாளில் கோயிலிலிருந்து இருபது வீடு இருந்தது. மீதித் தெரு இல்லை.

"எங்கடா மிச்சம்?"

"ஸ்கிரீன்ல என்ன தெரியுதோ அதாம்மா தாள்ல வரும். நீங்க கோயிலப் பெருசா வச்சுக்கிட்டுக் குடுத்தீங்க."

சுருக்கிக் கொடுத்தேன். முழுத் தெருவும் வந்தது. பெயர்கள் எறும்பு மாதிரி. பெருக்கினால் கோயில் முனை இருந்தால் மடை இல்லை, மடை இருந்தால் கோயில் இல்லை. கடைசியில் பெரோஸ், "தாளப் படுக்கப் போடுவோம்மா. நிக்க வச்சா நீளத் தெரு அடங்காது" என்றான். பெரிய தாளில், படுக்கைவாக்கில், இரண்டு முனையும் வந்தன.

எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தேழு.

ஜூன் 15, ஞாயிறு

கையெழுத்து வாங்கும் நாள். கோயில் வாசலில் பாய் விரித்து, படத்தை வைத்து, பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் இட்லித் தட்டை வைத்தேன். ஆகாயத்துப் படத்தின் மேல் சிவப்புப் புள்ளிகள். ஓரத்தில் எண்ணும் பெயரும். ஆளாளுக்குத் தன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். "எங்கூட்டு ஆடு தெரியுதுடி" என்று ஒருத்தி. "அது ஆடு இல்ல, ஓம் மாமியா" என்று இன்னொருத்தி.

நாற்பதாவது ஆளுக்குப் பிறகு மடை வீட்டுக்காரி வந்து வரிசையில் நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை. ஆறு வயது இருக்கும். பஞ்சவர்ணம் சீலை முந்தியைச் சரி செய்ய ஆரம்பித்தாள்.

அவள் குனிந்து பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தாள். பிறகு கீழிருந்து மேலாகப் படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் ஆள்காட்டி விரலை வைத்துப் படித்தாள். அப்படிப் படிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரோ.

"எங்க வீட்டு நம்பர் என்னங்க தலைவிம்மா?"

"அந்தப் பக்கம் சிக்னல் இல்ல. மிஷின்ல விழல" என்றேன்.

"மிஷின்லயா."

"போட்டுப் பாத்தேன். எடுக்கல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் மூலையில் இருந்த தட்டை நகர்த்தி வைத்தேன். அப்போது அந்தக் குழந்தை பாயில் மண்டியிட்டு, படத்தின் கடைசி ஓரத்தில் விரலை வைத்தது. "அம்மா, இந்தா இருக்கு நம்ம வீடு! நீலத் தார்ப்பாய்!"

எல்லாரும் குனிந்து பார்த்தோம். இருந்தது. புள்ளிதான் இல்லை. மடைக்குப் பக்கத்தில் நகத்தளவு நீலமாக, ஆகாயத்திலிருந்து எடுத்தவன் எடுத்த மாதிரியே இருந்தது.

"இருக்குல்ல ஆயா?" என்று குழந்தை என்னைக் கேட்டது. "அப்பறம் ஏன் இல்லைங்கறீங்க?"

அவள் அதன் கையைப் பிடித்துத் தூக்கினாள். "வாடி மகிழினி. அவங்க வேலையா இருக்காங்க."

மீதி ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் தங்கள் ஆட்டைத் தேடவில்லை.

குழந்தையின் பெயர் மகிழினி போலிருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை. துணி துவைத்தேன். படத்தையும் பட்டியலையும் ரெஜினா மேடத்துக்கு அனுப்பிவிட்டேன். கவினிடம் பேசினேன். கிரிக்கெட் பார்க்கிற அவசரத்தில் இருந்தான்.

ஜூன் 17, செவ்வாய்

சின்னப்பொண்ணு இட்லி வாங்க வரவில்லை. நான் இட்லி போட ஆரம்பித்த இருபது வருடத்தில் இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவை அவளுக்குப் பிரசவம். பத்து மணிக்கு நானே நான்கு இட்லி எடுத்துக்கொண்டு போனேன்.

"வைக்கா. எனக்கு எறங்காது."

"ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. ஏக்கா, இருவதாந் தேதிக்கு அப்பறம் பொக்லைன் வந்து நிக்கும். நாம சட்டி பானையத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போவோம். அந்தப் புள்ள எங்க போயி நிக்கும்?"

"எந்தப் புள்ள?"

"எந்தப் புள்ளன்னா கேக்குற?" அவள் குரல் ஏறிவிட்டது. "நாந்தான வளர்மதிக்குத் தொப்புள்கொடி விழுந்தப்ப ஒன் வீட்டுல தண்ணி காய வச்சேன். மறந்து போச்சா ஒனக்கு?"

"மிஷின்ல விழலன்னு சொல்றேன்ல!"

"அப்ப மிஷினையே மகள்னு சொல்லிக்க."

இட்லியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

இந்த நோட்டில் வேலையைத்தான் எழுதச் சொன்னார்கள். வீட்டு விஷயம் எழுதச் சொல்லவில்லை. எட்டு வருடம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை சிலர் சில காரியம் செய்தார்கள். பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். அவன் குப்பை லாரியில் வேலை பார்க்கிறவன். யார் வீட்டுப் பையன் என்று தெருவே கேட்டது. நான் குழுத் தலைவி. நான் கதவைச் சாத்தினேன். ஐந்து வருடம் எங்கேயோ இருந்தார்கள். திரும்பி வந்து, தெருவின் இந்த முனையை விட்டுவிட்டு அந்த முனையில் கட்டிக்கொண்டார்கள். அவ்வளவுதான். இதற்கும் வரைபடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

மாவு புளிக்கவில்லை. வெயிலில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 18, புதன்

மடைப் பக்கம் சிக்னல் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். நான்கு கோடும் நின்றது.

மடை வீட்டு வாசலில் முருங்கை மரம். மூன்று வருடம் முன்பு என் வீட்டு மரத்தில் ஒரு கிளை காணாமல் போனது. மின்சாரக் கம்பிக்காரர்கள் வெட்டிவிட்டார்கள் என்று சின்னப்பொண்ணு சொன்னாள். கம்பி அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

அவன்தான் வெளியே வந்தான். இரவு வேலை முடித்துக் குளித்த தலை. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாங்க அத்த" என்றான்.

நான் சிக்னல் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். "நல்லா கெடைக்கும் அத்த" என்று சொல்லிவிட்டு முக்காலியைத் துடைத்துப் போட்டான். முழங்கால் வலித்ததால் உட்கார்ந்தேன்.

வளர்மதி கதவை விட்டு வெளியே வரவில்லை. உள்ளே வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது.

"குடும்பத் தலைவர் பேரு?" என்று கேட்டேன். போன் பட்டியலில் பெயர் இல்லாமல் கிடந்த அந்தப் புள்ளியைத் திறந்து வைத்திருந்தேன். படிவத்தில் உள்ளதைத்தானே கேட்க வேண்டும்.

"வீரமணி" என்றான் அவன்.

"ஆளு?"

"மூணு பேரு அத்த."

"எந்த வருஷத்துலேருந்து?"

"ரெண்டாயிரத்து இருவத்திரண்டு."

"பத்து வருஷம் ஆகல. இந்தத் தெருவுல எந்த வீட்டுலேருந்து பிரிஞ்சு வந்தீங்கன்னு போடணும். இல்லன்னா வெளியாளுன்னு தள்ளிருவாங்க."

உள்ளே நறுக்குகிற சத்தம் நின்றது. வளர்மதியின் குரல் மட்டும் வந்தது. "அத நீங்கதான் சொல்லணும். நாங்க எப்படிச் சொல்றது?"

மகிழினி என் தோளோடு ஒட்டி நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதலியா ஆயா? எழுத்து தெரியாதா?"

"எனக்கா? அஞ்சாவதுல நாந்தான் மொதல்" என்றேன்.

எழுதினேன். பிரிந்து வந்த வீடு: 1. உறவு: மகள்.

எழுத்து வந்தது. இன்றைக்குப் போனில் எந்தக் கோளாறும் இல்லை. அப்புறம் முதல் புள்ளியைத் திறந்து, பிள்ளைகள் என்ற இடத்தில் இருந்த ஒன்றை இரண்டாக்கினேன். இரண்டு வீட்டிலும் எழுதியது ஒத்துப்போகாவிட்டால் அலுவலகத்தில் கேட்பார்கள். அதற்காகத்தான்.

காபி கொடுத்தார்கள். சர்க்கரை குறைவாக இருந்தது. எனக்கு அப்படித்தான் பிடிக்கும். அது அவளுக்கு நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து ரெஜினா மேடத்தைக் கூப்பிட்டு, "பூட்டியிருந்த வீடு தெறந்துருச்சு மேடம்" என்றேன். "நல்லது பவுனம்மா. ஆனா நீங்க முன்னாடி அனுப்புன படத்தத்தான் பைல்ல வச்சிருக்கேன். புதுசா எக்ஸ்போர்ட் பண்ணி, புதுசாக் கையெழுத்து வாங்கி, வெள்ளிக்கிழம காலைல பத்து மணிக்குள்ள குடுங்க" என்றார்.

ஜூன் 19, வியாழன்

காலையில் இட்லி போடவில்லை. பெரோஸ் கடை திறக்கும்போது நான் வாசலில் நின்றேன்.

தாள் வந்தது. படுக்கைவாக்கில், இரண்டு முனையும். எண்ணினேன். நாற்பத்தேழு.

மறுபடி எடுத்தான். நாற்பத்தேழு. மடைப் பக்கத்தில் நீலம் இருக்கிறது, புள்ளி இல்லை. நேற்று என் கையால் எழுதினேன். சேவ் என்று அமுக்கினேன். சேவ் ஆனது என்று அதுவே சொன்னது. அப்புறம் ஏன் விழவில்லை?

சின்னப்பொண்ணுக்குப் போன் போட்டேன். "அடியே, மடை வீட்டுப் புள்ளி விழ மாட்டேங்குதுடி."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"நெசமாத்தான்டி! போட்டேன், பேரு, உறவு எல்லாம் போட்டேன். மிஷின்தான் எடுக்கல."

"ஞாயித்துக்கிழமயும் இதேதான சொன்ன?" என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையை இன்றைக்கு மிஷின் எனக்கே திருப்பிச் சொன்னது. இனி யார் நம்புவார்கள்? நாளைக்கு இந்தத் தாள் போனால், அந்த முக்காலியைத் துடைத்துப் போட்டவன் என்ன நினைப்பான்? கிழவி வீட்டுக்குள் வந்து காபி குடித்துவிட்டு ஏமாற்றிப் போனாள் என்றுதானே.

பெரோஸ் போனை வாங்கி மெதுவாக ஒவ்வொன்றாகப் பார்த்தான். "ஆத்தா, இங்க ஒரு லேயர் தனியா கெடக்கு. கண்ணு மூடியிருக்கு. மூடுன லேயர் பிரிண்ட்ல வராது. யாரு மூடுனது?"

கடையில் இரண்டு பேர் ஆதார் பிரதிக்கு நின்றுகொண்டிருந்தார்கள். கட்டைவிரல் பட்டுவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நாந்தாம்ப்பா மூடுனேன்" என்றேன்.

அவன் வேறெதுவும் கேட்காமல் போனை என் பக்கம் நீட்டினான். நானே தொட்டேன். கண் திறந்தது. மடைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வந்து நின்றது. எட்டு நாளாக அங்கேதான் இருந்திருக்கிறது.

நாற்பத்தெட்டு.

மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை வீடு வீடாகப் போனேன். "இன்னொரு தடவையா?" என்று சிலர் முனகினார்கள். பஞ்சவர்ணம் கடைசி வரியைப் படித்துவிட்டு, "பவுனு, உறவு மகள்னு நீயே எழுதினியா?" என்றாள். "ஒன் மருமக பேரு மாதிரி எழுதாம விட்டாத்தான் கோளாறு வரும்" என்றேன். மருமகள் உள்ளே சிரித்தாள்.

கடைசியாக மடை வீடு. வீரமணி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போட்டான். பிறகு வளர்மதி தாளை வாங்கி, தன் வரியில் விரலை வைத்துப் படித்தாள். "உறவு" வரைக்கும் வந்தாள். விரல் அங்கேயே நின்றது. நான் மடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் நன்றாகத்தான் ஓடுகிறது.

ஜூன் 20, வெள்ளி

கொடுத்தாயிற்று. காலை 9.40. முத்திரை குத்திய ரசீது மேடத்திடம் ஒன்று, என்னிடம் ஒன்று. வீடு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் புல் முளைத்த படத்தின் மேல் இப்போது எங்கள் படம் இருக்கிறது.

மேடம் இந்த நோட்டையும் கேட்டார். இன்னும் பக்கம் தீரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

சின்னப்பொண்ணு இரண்டு நாளாக இட்லி வாங்க வருகிறாள். சட்னி இரண்டு தடவை கேட்கிறாள். கொடுக்கிறேன்.

வேலை முடிந்த பிறகும் அந்தப் படத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. இன்றைக்கு எதையோ அமுக்கியபோது ஓர் அளவுகோல் வந்தது. அது எதற்கு என்று தெரியவில்லை. முதல் புள்ளியைத் தொட்டேன். கோடு ஒன்று என் விரலோடு வந்தது. இழுத்துக்கொண்டே போனேன். சின்னப்பொண்ணு வீடு, பஞ்சவர்ணம் வீடு, எல்லாவற்றையும் தாண்டி நாற்பத்தெட்டில் விட்டேன்.

212 மீட்டர். நடந்தால் 3 நிமிடம்.

தப்பாக இருக்கும் என்று மறுபடி இழுத்தேன். அதேதான். மூன்று வருடமாக அவள் மூன்று நிமிடத்தில் இருந்திருக்கிறாள்.

இந்த மிஷினுக்கு என் முழங்காலைப் பற்றித் தெரியாது. எனக்கு ஐந்து நிமிடம் ஆகும். கொப்பரையில் கடைசி ஈடு வெந்துவிட்டது. மூன்று பேருக்கு எடுத்து வைத்திருக்கிறேன். சாம்பார் ஆறுவதற்குள் போய்விடலாம்.